ஆறாத வாய்ப்புண்ணும் சிவந்த கண்ணும்: கொப்புள நோய்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் வாய்ப்புண் என்றால் முதல் மருந்து மணத்தக்காளிக் கீரை. அடுத்தது தேங்காய்ப்பால். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பி காம்ப்ளக்ஸ். அம்மாவுக்கு 62 வயதில் ஈறு தோலுரிந்து ரத்தச் சிவப்பானபோது மூன்றையும் வரிசை மாறாமல் செய்தோம். உடம்பு சூடு என்றார் ஒருவர். வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் வரும் என்றார் இன்னொருவர். இதிலேயே ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதற்குள் கண்ணும் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதற்குத் தனி மருத்துவர், தனிச் சொட்டு மருந்து. வாயிலும் கண்ணிலும் இருப்பது கொப்புள நோய் என்ற ஒரே நோய் என்று எங்களிடம் ஒருவர் சொல்வதற்குள் ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

அந்த ஒன்பது மாதம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. நோயாளியோடு காத்திருப்பு நாற்காலிகளில் நிறைய உட்கார்ந்தவன், அவ்வளவுதான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எதைக் கவனிப்பது, எதைக் கேட்பது, எதைத் தள்ளிப்போடாமல் இருப்பது என்பவற்றை நான் சொல்கிறேன்.

படி 1: நாளை எண்ணுங்கள்

சாதாரண வாய்ப்புண் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், ஓரிடத்தில் ஆறி இன்னோரிடத்தில் கிளம்பும் புண், பல் துலக்கும்போது ஈறின் மேல்தோல் வழன்று வருவது, காரம் பட்டால் உயிர் போவது போன்ற எரிச்சல் ஆகியவை இருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆறாத புண் புற்றுநோயாகவும் இருக்கலாம். அவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

‘கொப்புள நோய்’ என்ற பெயரே ஆளை ஏமாற்றும். எங்கள் அம்மாவின் வாயில் நாங்கள் ஒரு கொப்புளத்தைக்கூடப் பார்த்ததில்லை. வாய்க்குள் வரும் கொப்புளம் சோறு மெல்லும்போதே உடைந்துவிடும். மிஞ்சுவது தோலுரிந்த ரணம் மட்டும். ஈறில் மட்டும் இப்படி வந்தால் பல் மருத்துவர்கூட இதைச் சாதாரண ஈறு நோய் என்று எடுத்துக்கொள்வது உண்டு. பல்லைச் சுத்தம் செய்த பிறகும் சிவப்பு குறையவில்லையா? அதையே ஒரு தடயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

வாய்ப்புண்ணுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கண்ணாடி முன் நின்று மேலே பார்த்தபடி, கீழிமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுங்கள். இமைக்கும் விழிக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அது இரண்டு கண்ணிலும் ஒரே ஆழமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். பள்ளம் தூர்ந்ததுபோல ஆழம் குறைந்திருந்தாலோ, இமையிலிருந்து விழிக்கு நூல்போல, பட்டைபோல ஏதாவது இழுத்துப் பிடித்திருந்தாலோ அது தழும்பாக இருக்கலாம். இமைமுடி உள்பக்கம் திரும்பிக் கருவிழியை உரசுகிறதா என்றும் பாருங்கள். மணல் விழுந்தது போன்ற உறுத்தல், வறட்சி, காலையில் பீளை, ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி மருந்து போட்டும் மாதக்கணக்கில் தீராத சிவப்பு ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மாதம் ஒரு முறை, அதே சன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுங்கள். தழும்பு நாளுக்கு நாள் தெரியாது, மாதத்துக்கு மாதம்தான் தெரியும். மருத்துவரின் மேசையில் எங்களுக்கு அதிகம் உதவியது இந்தப் படங்கள்தான்.

படி 3: உள்ளே என்ன நடக்கிறது

கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் அமைப்பு நம்முடைய சொந்தத் திசுவையே பகையென்று நினைத்து எதிர்ப்பொருள்களைச் செய்து அனுப்புகிறது. இது தொற்று இல்லை. ஒரே தம்ளரில் குடித்தாலும் பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. எங்கள் உறவில் சிலருக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வாயையும் கண்ணையும் பிடிக்கும் கொப்புள நோய்களில் முக்கியமானவை இரண்டு. பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் குணம் வேறு. பரோட்டாவின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகிற மாதிரி, மேல்தோலின் செல்கள் தமக்குள் பிடிப்பை விட்டுவிடுவது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். தோசை முழுதாகக் கல்லைவிட்டு எழும்புகிற மாதிரி, மேல்தோல் மொத்தமும் அடித்தளத்திலிருந்து பெயர்ந்துவிடுவது பெம்ஃபிகாய்டு. வாய், கண், மூக்கு, தொண்டை போன்ற ஈரச் சவ்வுகளைக் குறிவைக்கும் வகைக்கு மியூகஸ் மெம்பிரேன் பெம்ஃபிகாய்டு என்று பெயர்.

பெம்ஃபிகஸில் எதிர்ப்பொருள்கள் தாக்குவது டெஸ்மோக்ளின் 3 என்ற புரதத்தை. செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் பசை அது. உடம்புத் தோலில் அதற்குத் துணையாக டெஸ்மோக்ளின் 1 தாராளமாக இருக்கிறது, வாயில் அது குறைவு. அதனால்தான் இந்த நோய் பலருக்கு வாயில் முதலில் வருகிறது. தோலில் கொப்புளம் தெரிவதற்குள் மாதங்கள் போய்விடும். பெம்ஃபிகஸ் புண் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும். ஆனால் மருந்தில்லாமல் விட்டால் உடம்பெல்லாம் பரவி உயிரையே எடுக்கக்கூடியது. ஸ்டீராய்டு வருவதற்கு முந்தைய காலத்தில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள்.

சவ்வுகளைப் பிடிக்கும் பெம்ஃபிகாய்டு அவ்வளவு மூர்க்கம் காட்டாது. பெரும்பாலும் 60 வயதைச் சுற்றி வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் ஆறும் இடத்தில் தழும்பை விட்டுப் போகக்கூடியது. கன்னத்துக்குள் ஒரு தழும்பு இருந்தால் பெரிய தொந்தரவில்லை. அதே தழும்பு கண்ணில் விழுந்தால் இமை விழியோடு ஒட்டும், கண்ணீர் வற்றும், கருவிழி மங்கும். 1953இல் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர் இந்த இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டியபோது சவ்வைப் பிடிக்கும் இந்த வகைக்குச் ‘சாதுவான’ என்ற அடைமொழியோடுதான் பெயர் வைத்தார்கள். உயிருக்கு ஆபத்து குறைவு என்ற கணக்கில் வைத்த பெயர். பார்வை போனவரிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்.

அம்மா அடிக்கடி கேட்பார்: “வாய்தான்டா வலிக்குது. கண்ணு சும்மா உறுத்துது, அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு இத்தனை ஆஸ்பத்திரி?” நோயாளிகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாய் கத்திக் கூப்பிடும், கண் முணுமுணுக்கும். ஓட வேண்டியது கண்ணுக்கு.

படி 4: யாரிடம் போவது

தோல் மருத்துவரிடம் தொடங்குங்கள். வாய்ப்புண்ணுக்குத் தோல் மருத்துவரா என்று வீட்டில் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் துறைக்குப் பெம்ஃபிகஸ் பழகிய நோய். பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் நோய்களுக்கென்றே ஓரல் மெடிசின் துறை இருக்கிறது, அங்கேயும் தொடங்கலாம். கண்ணில் சிறு அறிகுறி இருந்தாலும் கருவிழிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போவது நல்லது. கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் இடத்தில் இது முடியாது.

யாரிடம் போனாலும் ஒன்றை நீங்களாகவே சொல்ல வேண்டும். கண் மருத்துவரிடம் “வாயிலும் புண் இருக்கிறது” என்று சொல்லுங்கள். வாய் பார்ப்பவரிடம் “கண்ணும் சிவக்கிறது” என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். எங்களை ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்குப் போடும் கிளிப்டின் வகை மாத்திரைகளுக்கும், குறிப்பாக வில்டாகிளிப்டினுக்கும், பெம்ஃபிகாய்டு வகை நோய்களுக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கண் அழுத்தத்துக்கு நெடுநாள் விடும் சில சொட்டு மருந்துகளும் இதேபோன்ற தழும்பை உண்டாக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 5: பயாப்சி. இரண்டு துண்டு, இரண்டு புட்டி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

எங்களுக்கு முதலில் செய்த பயாப்சியில் புண்ணின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பினார்கள். ‘குறிப்பிட்ட காரணம் தெரியாத அழற்சி’ என்று அறிக்கை வந்தது. அதை நம்பி இன்னும் இரண்டு மாதம் வாய் கழுவும் மருந்தோடு போயிற்று. அந்தத் துண்டில் நோய் தெரிய வழியே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தோலுரிந்துபோன ரணத்தின் நடுவில் பார்ப்பதற்கு மேல்தோலே மிச்சம் இருக்காது.

சரியான முறையில் இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒன்று, புண்ணின் ஓரத்திலிருந்து. அது ஃபார்மலினில் போய் வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு உள்ளாகும். இன்னொன்று, புண்ணுக்குப் பக்கத்தில் பார்வைக்கு நன்றாக இருக்கும் சவ்விலிருந்து. அது டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற பரிசோதனைக்கு. மருத்துவமனையில் சுருக்கமாக ‘டிஐஎஃப்’ என்பார்கள். இந்த இரண்டாவது துண்டு ஃபார்மலினில் விழவே கூடாது, விழுந்தால் பரிசோதனை பாழ். மிஷெல் திரவம் என்ற தனிக் கரைசலில் போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் சாதா சலைனில் போட்டு ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். “சார், ரெண்டு பீஸ் எடுக்கிறீங்களா? ஐஎஃப்புக்குத் தனி பாட்டில் இருக்கா?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அறிக்கையில் என்ன வரும்? செல்களைச் சுற்றி மீன்வலைபோல எதிர்ப்பொருள் படிந்திருந்தால் பெம்ஃபிகஸ். அடித்தளத்தில் ஒரே கோடாகப் படிந்திருந்தால் பெம்ஃபிகாய்டு. கூடவே ரத்தத்தில் டெஸ்மோக்ளின் எதிர்ப்பொருளை எலைசா முறையில் அளப்பார்கள். பெம்ஃபிகஸில் அந்த எண் பிற்பாடு நோயின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரவும் உதவும்.

கண்ணில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களில் கணிசமானோருக்குக் கண் பயாப்சி ‘நெகட்டிவ்’ என்றே வரும். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கண் மருத்துவர் தழும்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் அந்தச் சந்தேகத்துக்கே மதிப்பு அதிகம். கண்ணில் வெட்டினால் நோய் கிளறப்படவும் வாய்ப்புண்டு என்பதால் வாயிலிருந்து எடுக்க முடிந்தால் முதலில் அதையே எடுப்பார்கள்.

படி 6: வேறெங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

குரல் கம்மல், விழுங்கும்போது தடை, மூக்கில் பொருக்கும் ரத்தமும், பிறப்புறுப்பில் எரிச்சல். கடைசியானதைப் பெண்கள் மகனிடம் சொல்ல மாட்டார்கள். அதனால் மருத்துவரிடம் தனியாகப் பேச வழி செய்யுங்கள். 2002இல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி பெம்ஃபிகாய்டை இரண்டாகப் பிரித்தார்கள். வாயோடும் தோலோடும் நின்றால் ஆபத்து குறைவு. கண், மூக்கின் பின்புறம், குரல்வளை, உணவுக்குழாய், பிறப்புறுப்பு ஆகியவற்றில் எது ஒன்று சேர்ந்தாலும் ஆபத்து அதிகம். மருந்தின் வீரியத்தை முடிவு செய்வது இந்தப் பிரிவினைதான். மூச்சு விடும்போது கீச்சென்று ஒலி கேட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லாமினின் 332 என்ற புரதத்துக்கு எதிரான வகையில் சிலருக்கு உள்ளே புற்றுநோய் ஒளிந்திருப்பதுண்டு. அதனால் மருத்துவர் ஸ்கேன் எழுதினால் பயமுறுத்துகிறார் என்று நினைக்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 7: மருந்துகள்

வாயோடு நின்ற லேசான பெம்ஃபிகாய்டுக்கு வீரியமான ஸ்டீராய்டு ஜெல்லே பலருக்குப் போதும். ஈறைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, பல் அச்சுக்கு ஏற்பச் செய்த மெல்லிய டிரேயில் ஜெல்லைத் தடவி மாட்டிக்கொண்டால் எச்சிலில் கரையாமல் நிற்கும். மருத்துவர் சொன்ன நேரம் கழித்து எடுத்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள். தயிர்த் திப்பிபோல வெள்ளை படிந்தால் அது பூஞ்சை. நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதற்கு வேறு மருந்து இருக்கிறது.

அடுத்த கட்டத்தில் வருவது டாப்சோன். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “யாருக்கு? இது தொழுநோய் மாத்திரை ஆச்சே” என்றார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அந்த மாத்திரை பழைய மாத்திரைதான். கொப்புள நோய்களுக்கும் அதைப் பல பத்தாண்டுகளாகத் தருகிறார்கள். தொடங்கும் முன், ஜி-6-பி-டி என்ற நொதி உடம்பில் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மாத்திரை போடும் காலத்தில் உதடு நீலம் பாரித்தாலும் மூச்சு வாங்கினாலும் உடனே சொல்ல வேண்டும்.

கண்ணில் பெம்ஃபிகாய்டு இருந்தால் சொட்டு மருந்து மட்டும் நோயை நிறுத்தாது. நோய் ரத்தத்தில் ஓடுகிறது, சொட்டு மேலே விழுகிறது. ஸ்டீராய்டுச் சொட்டைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும்தான் மிஞ்சும். நோயின் வேகத்தைப் பார்த்து மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட், அசாதயோபிரின், தீவிரமானால் சைக்ளோஃபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் என்று உடலின் காவல் அமைப்பை அடக்கும் மருந்துகளை மாத்திரையாகவோ ஊசியாகவோ தருவார்கள்.

பெம்ஃபிகஸில் நம் நாட்டுக்கென்று ஒரு கதை இருக்கிறது. தில்லி எய்ம்ஸில் தோல் மருத்துவர் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களின் தொடக்கத்தில் டெக்சாமெத்தசோனையும் சைக்ளோஃபாஸ்பமைடையும் சேர்த்து மாதம் ஒரு முறை, மூன்று நாள் நரம்பு வழியாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். விலை குறைவு, பலன் கண்கூடு. அது இந்தியா முழுக்கப் பரவியது. நம் ஊர் தோல் வார்டுகளில் ‘பல்ஸ் போட வந்திருக்கேன்’ என்று யாராவது சொன்னால் இந்த வழியில் வந்த சிகிச்சைதான். இப்போது ரிட்டுக்சிமாப் முன்னால் வந்துவிட்டது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 90 நோயாளிகள் இருந்தார்கள். ரிட்டுக்சிமாபோடு குறுகிய காலம் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயற்றிருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அது 34 சதவீதம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் இந்த நோய்க்கு ரிட்டுக்சிமாபை ஏற்றது. இந்தியாவில் 2007இலிருந்தே உள்நாட்டுத் தயாரிப்பு கிடைப்பதால் விலையைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

ரிட்டுக்சிமாபுக்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ் பரிசோதனையும் காசநோய்ப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். உள்ளே உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் முடிந்தால் முன்பே போட்டுவிடுவார்கள். சிகிச்சை தொடங்கியபின் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி கூடாது. சைக்ளோஃபாஸ்பமைடு சாப்பிடுகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்காமல் இருக்க வேண்டும், அது சிறுநீர்ப்பையை ரணமாக்கும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் அந்தப் பேச்சை மருந்து தொடங்கும் முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புண் ஆறிவிட்டது என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும். இந்த மருந்துகளில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள்.

படி 8: கண்ணைக் காப்பது

கண் மருத்துவரின் சீட்டில் ‘ஃபாஸ்டர்’ என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 1986இல் வந்த அளவுகோல் அது. 1 என்றால் சவ்வுக்கடியில் தழும்பு தொடங்கியிருக்கிறது. 2 என்றால் கீழ்ப்பள்ளம் சுருங்குகிறது. 3 என்றால் இமை விழியோடு ஒட்டத் தொடங்கிவிட்டது. 4 என்றால் கண் வறண்டு தோல்போலக் காய்ந்து, இமை அசையாமல் பிடித்துக்கொண்டது. எண் ஏறினால் இறங்காது, நிறுத்தத்தான் முடியும். ஒவ்வொரு முறையும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செயற்கைக் கண்ணீரில் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். நாளுக்குப் பத்து முறை விடும் கண்ணுக்கு அந்தப் பதப்படுத்தியே எரிச்சல். உள்ளே திரும்பிய இமைமுடியை வீட்டில் பிடுங்காதீர்கள். நான்கைந்து வாரத்தில் மொட்டையாக வளர்ந்து இன்னும் மோசமாகக் குத்தும். கண்புரை முகாமில் பெயர் கொடுத்திருந்தால் முதலில் நோயைச் சொல்லுங்கள். நோய் அடங்காத கண்ணில் கத்தி பட்டால் தழும்பு வேகமெடுக்கும். அடங்கியபின், மருந்தின் பாதுகாப்போடு, செய்யலாம்.

திடீர் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றுக்கு மறுநாள் என்ற பேச்சே கிடையாது.

மிகவும் முற்றியவர்களுக்கும் எல்லாம் முடிந்துபோவதில்லை. கருவிழிக்கும் தனக்கும் நடுவே திரவத்தைத் தேக்கி வைக்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் வறண்ட கண்ணுக்குப் பெரிய ஆறுதல். சாதாரணக் கருவிழி மாற்றம் இத்தகைய வறண்ட கண்ணில் நிற்பதில்லை. அதற்கு மாற்றாக, நோயாளியின் கோரைப்பல்லை வேரோடும் எலும்போடும் எடுத்துச் செதுக்கி, நடுவில் சிறு லென்ஸ் பொருத்தி, சில மாதம் உடலுக்குள்ளேயே பதியவைத்துப் பிறகு கண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1960களில் இத்தாலியில் ஸ்டிராம்பெல்லி என்ற கண் மருத்துவர் தொடங்கியது. சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். பல்லால் பார்ப்பதா என்று முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

படி 9: சாப்பாடும் பல்லும்

முறுக்கு, தட்டை, அப்பளம், மொறுமொறு தோசை ஓரம் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் காப்பி, புளிக்குழம்பு, ஊறுகாய் ஆகியவையும் வேண்டாம். ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், பாலில் ஊறிய இட்லி, புளிக்காத தயிர் ஆகியவை போகும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறும் என்பதால் வெறும் கஞ்சியிலேயே ஓட்டாமல் முட்டை, பருப்பு சேருங்கள். மணத்தக்காளியைத் தாராளமாகச் சாப்பிடலாம். அது மருந்துக்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் லேகியமும் பொடியும் வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வலிக்கிறது என்று பல் துலக்குவதை விட்டால் அழுக்குப் படிந்து ஈறு இன்னும் புண்ணாகும். மிக மென்மையான பிரஷ், நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசை. செயற்கைப் பல்செட்டில் கூரான ஓரம் இருந்தால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

படி 10: ஒரே கோப்பு

தோல், கண், பல், காது மூக்கு தொண்டை என்று நான்கு இடத்துக்கு நான்கு சீட்டு வைக்காதீர்கள். எங்கள் கோப்பு பச்சை நிறம். முதல் தாளில் நோயின் பெயர், பயாப்சி தேதியும் முடிவும், இப்போதைய மருந்துகள், ஒவ்வாதவை, இரண்டு கண்ணின் ஃபாஸ்டர் எண். பின்னால் மாதப் படங்கள். வாய் ஆறி ஒன்றரை ஆண்டு ஆனபிறகும் கண் மருத்துவரின் தேதி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தாளில் ஏறிக்கொண்டேயிருக்கிறது. வலது 2, இடது 1. இப்போதெல்லாம் அம்மாதான் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்.